வாசகர் கேள்வி – பதில்: சர்வர் இடம் மாறும்போது பழைய முகவரி எங்கெல்லாம் ஒளிந்திருக்கும்?

யூனிக்ஸ், லினக்ஸ் சர்வர்களை வேறு இடத்துக்கு மாற்றுவது தொடர்பாக அண்மையில் பல கேள்விகள் வந்துள்ளன. அவற்றை இம்முறை ஒன்றாகத் தருகிறோம்.

கேள்வி: எங்கள் தொழிற்சாலையில் பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் சோலாரிஸ் 10 சர்வர் ஒன்றை வாடகை டேட்டா சென்டருக்குக் கொண்டுபோகிறோம். அதில் ஆரக்கிள் டேட்டாபேஸ் இருக்கிறது. பழைய முகவரி 192.168.5.10. புதிய இடத்தில் 172.20.14.70 என்ற முகவரியும், 255.255.255.192 என்ற சப்நெட் மாஸ்க்கும், 172.20.14.65 என்ற கேட்வேயும் தந்திருக்கிறார்கள். சர்வரை அமைத்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார். எந்தெந்தக் கோப்புகளை மாற்ற வேண்டும்? 'சிஸ்-அன்கான்ஃபிக்' கட்டளையைக் கொடுத்தால் எல்லாம் தானாக நடக்கும் என்கிறார் நண்பர் ஒருவர். (ஓசூர் வாசகர்)

பதில்: நண்பர் சொன்ன கட்டளையை முதலில் ஒதுக்கி வைத்துவிடுங்கள். சிஸ்-அன்கான்ஃபிக் என்பது, ஒரு சர்வரைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குக் கொண்டுபோவதற்காக ஏற்பட்டது. அது ஹோஸ்ட்நேம், ஐபி முகவரி, நேர மண்டலம் ஆகியவற்றோடு ரூட் கடவுச்சொல்லையும் நீக்கிவிட்டுச் சர்வரை நிறுத்திவிடும். அடுத்த முறை இயக்கும்போது இவை அனைத்தையும் கன்சோலில் ஒவ்வொன்றாகக் கேட்கும். ஒரே மாதிரியான பல சர்வர்களைப் படியெடுத்து அமைப்பவருக்கு அது உதவும். ஆரக்கிள் ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் முகவரி மாற்றுவதற்காக அதைக் கொடுப்பது, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதற்கு ஒப்பாகும். அப்படிக் கொடுத்தாலும் ஆரக்கிளின் கோப்புகளில் உள்ள பழைய முகவரியை அது தொடப்போவதில்லை.

சோலாரிஸ் 10-இல் மாற்ற வேண்டிய கோப்புகள் எல்லாம் எட்சி (/etc) டைரக்டரியில்தான் இருக்கின்றன. 'ஹோஸ்ட்நேம்' என்ற சொல்லுக்குப் பின் ஒரு புள்ளியும் நெட்வொர்க் கார்டின் பெயரும் சேர்ந்த கோப்பு ஒன்று இருக்கும். அதில் பெரும்பாலும் சர்வரின் பெயர் மட்டுமே எழுதப்பட்டிருக்கும். அந்தப் பெயருக்குரிய எண் ஹோஸ்ட்ஸ் கோப்பில் இருக்கும். ஆகவே பெயர் மாறவில்லையென்றால் ஹோஸ்ட்ஸ் கோப்பில் எண்ணை மாற்றினால் போதும். உங்களுடையது 8/07 வெளியீட்டுக்கு முந்தைய சோலாரிஸ் 10 என்றால் ஐபிநோட்ஸ் என்ற கோப்பையும் தனியாக மாற்ற வேண்டும். அதற்குப் பிந்தைய வெளியீடுகளில் அது ஹோஸ்ட்ஸ் கோப்பையே சுட்டுகிறது. வெளி நெட்வொர்க்குகளுக்கு வழிவிடும் கேட்வேயின் முகவரி டிஃபால்ட்ரவுட்டர் கோப்பிலும், பெயர்களுக்குரிய எண்களைச் சொல்லும் டிஎன்எஸ் சர்வர்களின் முகவரி ரிசால்வ்.கான்ஃப் கோப்பிலும் உள்ளன. சர்வரின் பெயரையும் மாற்றுவதாக இருந்தால் நோட்நேம் கோப்பும் இந்த வரிசையில் சேரும்.

உங்கள் விஷயத்தில் எல்லாரையும் ஏமாற்றக்கூடிய கோப்பு நெட்மாஸ்க்ஸ். எந்தெந்த முகவரிகள் தன் நெட்வொர்க்கிலேயே இருக்கின்றன என்று சர்வருக்குச் சொல்லும் எண்தான் மாஸ்க். இந்தக் கோப்பில் ஒரு நெட்வொர்க்குக்கான வரி இல்லையென்றால், சோலாரிஸ் பழைய ஏ, பி, சி வகுப்புக் கணக்கின்படி மாஸ்க்கைத் தானே முடிவு செய்துகொள்ளும். 192.168 என்று தொடங்கும் முகவரி சி வகுப்பு. அதன் இயல்பான மாஸ்க் 255.255.255.0. உங்கள் பழைய நெட்வொர்க்குக்கு அதுவே சரியாகப் பொருந்தியிருக்கும். எனவே இத்தனை ஆண்டுகளும் நெட்மாஸ்க்ஸ் கோப்பு காலியாகவே கிடந்திருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது. புதிய முகவரி 172.20 என்று தொடங்குவதால் அது பி வகுப்பு. கோப்பில் வரி எழுதாமல் விட்டால் சர்வர் 255.255.0.0 என்ற மாஸ்க்கை எடுத்துக்கொண்டு, 172.20 என்று தொடங்கும் எல்லா முகவரிகளும் தன் பக்கத்து வீட்டில்தான் இருக்கின்றன என்று நம்பிவிடும்; அவற்றுக்குப் போக வேண்டிய பாக்கெட்டுகளைக் கேட்வேயிடம் கொடுக்காமல், நேரே கேபிளில் 'யார் இந்த முகவரிக்காரர்?' என்று கூவிக்கொண்டிருக்கும்.

இதன் விளைவு விசித்திரமாக இருக்கும். தொழிற்சாலையில் 192.168 முகவரியில் உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சர்வர் நன்றாக வேலை செய்யும். அவர்களுக்கான பதில் கேட்வே வழியாகத்தான் போகிறது. அதே டேட்டா சென்டரில் 172.20.30 என்று தொடங்கும் பிரிவில் உள்ள பேக்கப் சர்வரோடு மட்டும் பேச முடியாது. தொலைவில் உள்ளது கிடைக்கிறது, அருகில் உள்ளது கிடைக்கவில்லை என்பதால் எல்லாரும் ஃபயர்வாலைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள். நெட்மாஸ்க்ஸ் கோப்பில் எழுத வேண்டியது சர்வரின் முகவரி அன்று, நெட்வொர்க்கின் எண். உங்கள் மாஸ்க்கின்படி ஒரு பிரிவில் 64 முகவரிகள். நீங்கள் இருப்பது 64 முதல் 127 வரையிலான பிரிவு. ஆகவே வரியில் முதலில் 172.20.14.64, பிறகு 255.255.255.192 என்று இருக்க வேண்டும். ரீபூட் செய்தபின் 'ஐஎஃப்கான்ஃபிக்' கட்டளை காட்டும் பிராட்காஸ்ட் முகவரி 172.20.14.127 என்று இருந்தால் மாஸ்க் சரியாகிவிட்டது.

கோப்புகளைத் திருத்துவது பத்து நிமிட வேலை. பழைய முகவரி வேறு எங்கெங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று தேடுவதுதான் ஒரு நாள் வேலை. அதைச் சர்வர் பழைய இடத்தில் இருக்கும்போதே செய்ய வேண்டும். எட்சி, ஆப்ட் டைரக்டரிகளிலும், பயனர்களின் ஹோம் டைரக்டரிகளிலும், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் அட்டவணைகளிலும் 192.168.5 என்ற சரத்தைத் தேடுங்கள். கோப்புகளுக்குள் சரத்தைத் தேடும் கிரெப் கட்டளைக்கு, சோலாரிஸ் 10-இல், உள் டைரக்டரிகளுக்குள் தானாக இறங்கத் தெரியாது என்பதால், ஃபைண்ட் கட்டளையோடு சேர்த்தே தேட வேண்டும். கிரெப்புக்குப் புள்ளி என்றால் 'ஏதாவதோர் எழுத்து' என்று பொருள்; ஆகையால் புள்ளியைப் புள்ளியாகவே எடுத்துக்கொள்ளும் எஃப்கிரெப்பைப் பயன்படுத்துவது நல்லது. ஆரக்கிளுக்கு வரும் இணைப்புகளை ஏற்கும் லிசனரின் கோப்பில் பழைய எண் எழுதப்பட்டிருந்தால் லிசனர் எழவே எழாது. அங்கே எண்ணுக்குப் பதில் பெயர் இருந்தாலும், அந்தப் பெயர் ஹோஸ்ட்ஸ் கோப்பில் பழைய எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தால் அதே கதிதான். விஎஃப்எஸ்டேப் கோப்பில் என்எஃப்எஸ் மவுண்ட்கள் (வேறு சர்வரின் டைரக்டரியை நெட்வொர்க் வழியாக இணைப்பவை) இருந்தால், புறப்படும் முன் அந்த வரிகளைக் கருத்துக் குறியிட்டு முடக்கிவைக்கவும். புதிய இடத்தில் கிடைக்காத என்எஃப்எஸ் சர்வருக்காகக் காத்திருந்து சர்வர் பூட் ஆகாமல் தொங்குவதைப் பலர் பார்த்திருக்கிறார்கள்.

கேட்காமலே ஒன்று சொல்கிறேன். சர்வரை நிறுத்தி வண்டியில் ஏற்றும் முன், எந்த மாற்றமும் செய்யாமல், பழைய இடத்திலேயே ஒருமுறை ரீபூட் செய்து பாருங்கள். பல ஆண்டுகள் நிறுத்தாமல் ஓடிய சர்வரில், யாரோ கையால் கட்டளையிட்டுச் சேர்த்த ரவுட் (பாக்கெட் போக வேண்டிய வழி), எந்தக் கோப்பிலும் எழுதப்படாமல் நினைவகத்தில் மட்டுமே இருந்துகொண்டிருக்கும். ரீபூட்டில் அது மறைந்துவிடும். 'நெட்ஸ்டாட்' காட்டும் ரவுட்டிங் அட்டவணையை ரீபூட்டுக்கு முன்னும் பின்னும் காகிதத்தில் அச்சிட்டு ஒப்பிடுங்கள். அங்கேயே தெரிந்துகொண்ட பிழை, இடமாற்றத்தின் பிழையாகக் கணக்கில் வராது.

கேள்வி: சர்வரின் ஐபி முகவரியை ஊரிலிருந்தபடியே எஸ்எஸ்ஹெச் வழியாக மாற்ற வேண்டியிருக்கிறது. சர்வர் அதே அறையில்தான் இருக்கப்போகிறது. நெட்வொர்க்குக்கு மட்டும் புதிய எண்கள் வருகின்றன. தவறிவிட்டால் 450 கிலோமீட்டர் பயணம். பாதுகாப்பான வழி உண்டா? (மதுரை வாசகர்)

பதில்: உட்கார்ந்திருக்கும் கிளையை வெட்டும் வேலைதான் இது. ஆனால் வெட்டும் முன் இன்னொரு கிளையில் கால் வைத்துக்கொள்ளலாம்.

முதல் வழி, சர்வரின் மேலாண்மை போர்ட். ஹெச்பி சர்வரில் ஐஎல்ஓ, டெல் சர்வரில் ஐடிராக், சன் சர்வரில் ஐலாம் என்று பெயர்கள் வேறுபட்டாலும் வேலை ஒன்றுதான்: இயங்குதளத்தின் நெட்வொர்க் அறுந்தாலும் கன்சோல் கையில் இருக்கும். இங்கே எல்லாரும் மறப்பது, அந்தப் போர்ட்டுக்கும் தனியாக ஒரு ஐபி முகவரி உண்டு, அதையும் மாற்றியாக வேண்டும் என்பதை. நானே ஒருமுறை சர்வரின் முகவரியை அழகாக மாற்றி முடித்துவிட்டுக் கிளம்பினேன். மூன்று மாதம் கழித்துச் சர்வர் தொங்கியபோதுதான், மேலாண்மை போர்ட் கைவிடப்பட்ட பழைய நெட்வொர்க்கிலேயே உட்கார்ந்திருப்பது தெரிந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றக் கூடாது. ஒன்றை மாற்றி, அதன் வழியாக உள்ளே வர முடிகிறது என்று உறுதிசெய்த பிறகே மற்றதைத் தொட வேண்டும்.

மேலாண்மை போர்ட் இல்லையென்றால், மாற்றத்தைத் தானாகத் திரும்பப் பெறும் ஏற்பாட்டை முன்கூட்டியே வைத்துவிடுங்கள். உபுண்டு 17.10-க்குப் பிந்தைய சர்வர்களில் 'நெட்பிளான் ட்ரை' என்ற கட்டளை இருக்கிறது. புதிய அமைப்பை நடைமுறைப்படுத்தி 120 விநாடி காத்திருக்கும், அதற்குள் நீங்கள் உறுதிசெய்யவில்லை என்றால் பழைய அமைப்புக்குத் திரும்பிவிடும். ரெட் ஹேட் வகைச் சர்வர்களில் நெட்வொர்க்மேனேஜர் இருப்பதால், பழைய இணைப்பு விவரத்தைத் திருத்தாமல் புதிய எண்களோடு இன்னொன்றை உருவாக்குங்கள். பிறகு, குறித்த நேரத்தில் ஒரு வேலையைச் செய்யவைக்கும் 'ஆட்' (at) கட்டளையின் மூலம், இன்னும் பத்து நிமிடத்தில் பழைய இணைப்பை மறுபடி எழுப்பும்படி ஒரு வேலையைப் பதிந்துவிட்டுப் புதியதை எழுப்புங்கள். புதிய முகவரியில் உள்ளே வர முடிந்தால் உடனே அந்தப் பதிவை நீக்கிவிடலாம். முடியாவிட்டால் பத்து நிமிடம் தேநீர் குடித்துவிட்டுப் பழைய முகவரியில் நுழையலாம். வேலை முடிந்ததும் பழைய இணைப்பின் தானியங்கி எழுப்பலை அணைக்க மறக்காதீர்கள். அணைக்காவிட்டால் அடுத்த ரீபூட்டில் எது எழும் என்பது உங்கள் கையில் இருக்காது.

இரண்டு நெட்வொர்க்குகளும் சில நாட்கள் ஒரே கேபிளில் சேர்ந்து இருக்குமென்றால் இவ்வளவு சிரமமும் வேண்டாம். அதே கார்டில் புதிய முகவரியை இரண்டாவது முகவரியாகச் சேர்த்து, எல்லாரும் புதியதற்கு வந்தபின் பழையதை எடுத்துவிடுங்கள். என் தேர்வு எப்போதும் இதுதான்.

கேள்வி: சென்ட்ஓஎஸ் 6 சர்வரைப் புதிய அலுவலகத்துக்கு மாற்றினோம். பிங் உடனே பதில் தருகிறது. ஆனால் எஸ்எஸ்ஹெச்சில் பெயரைக் கொடுத்தபின் கடவுச்சொல் கேட்க ஏறக்குறைய 20 விநாடி ஆகிறது. கேபிள், சுவிட்ச் எல்லாம் மாற்றிப் பார்த்துவிட்டோம். (சேலம் வாசகர்)

பதில்: கேபிளை விட்டுவிடுங்கள், அந்த 20 விநாடி என்ற கணக்கே நோயைச் சொல்லிவிடுகிறது. உங்கள் சர்வரில் உள்ள எஸ்எஸ்ஹெச், உள்ளே வரும் ஒவ்வொருவருடைய ஐபி முகவரிக்கும் பெயர் என்ன என்று டிஎன்எஸ்ஸிடம் கேட்கும் பழக்கம் உடையது. ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் பழைய அலுவலகத்தின் இரண்டு டிஎன்எஸ் சர்வர்களும் அப்படியே இருக்கின்றன என்று நினைக்கிறேன். லினக்ஸ் ஒவ்வொரு டிஎன்எஸ் சர்வருக்கும் 5 விநாடி காத்திருக்கும். பதில் வராவிட்டால் அதே வரிசையில் இன்னொரு சுற்று கேட்கும். இரண்டு சர்வர், இரண்டு சுற்று, தலா 5 விநாடி.

ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் புதிய எண்களை எழுதினால் தாமதம் போய்விடும். ஆனால் சென்ட்ஓஎஸ் 6-இல் கார்டுக்குரிய ஐஎஃப்சிஎஃப்ஜி கோப்பில் டிஎன்எஸ்1, டிஎன்எஸ்2 என்ற வரிகள் இருந்தால், கார்டு எழும்போதெல்லாம் அவை ரிசால்வ்.கான்ஃப்பை மறுபடி பழைய எண்களால் நிரப்பிவிடும். இரண்டு இடத்திலும் மாற்ற வேண்டும். இணையத்தில் தேடினால், எஸ்எஸ்ஹெச் அமைப்பில் 'யூஸ்டிஎன்எஸ்' என்பதை 'நோ' ஆக்கச் சொல்வார்கள். 2015-இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 6.8 முதல் இயல்பே அதுதான் என்பதால் அதில் தவறில்லை. ஆனால் அதை மட்டும் செய்தால் வலியை மறைத்து நோயை வைத்துக்கொண்டவராவீர்கள். அதே பழைய டிஎன்எஸ்ஸை நம்பி உங்கள் மெயில் சேவையும் டேட்டாபேஸும் தவித்துக்கொண்டிருக்கும். பூட் ஆகும்போது சென்ட்மெயில் ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போகிறது என்றால், தன் முழுப் பெயரைக் கண்டுபிடிக்க முடியாமல் தூங்கி எழுகிறது என்று பொருள். ஹோஸ்ட்ஸ் கோப்பில் டொமைனோடு கூடிய முழுப் பெயரைச் சேர்த்தால் அது தீரும்.

சென்ட்ஓஎஸ் 6-க்கான ஆதரவு 2020 நவம்பர் 30-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது என்பதையும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

கேள்வி: பழுதான சர்வரின் ஹார்டு டிஸ்க்கை அதே மாடல் வேறொரு சர்வரில் பொருத்தினோம். ஈத்0 கார்டே இல்லை என்று சொல்கிறது. ஈத்1 என்று ஒன்று புதிதாக முளைத்திருக்கிறது. இதுவும் சென்ட்ஓஎஸ் 6 தான். (திருச்சி வாசகர்)

பதில்: கார்டின் பெயரை அதன் மேக் முகவரியோடு (கார்டுக்கே உரிய தனி எண்) முடிச்சுப் போட்டு நினைவில் வைத்திருக்கிறது உங்கள் டிஸ்க். எட்சி டைரக்டரியில், சாதனங்களுக்குப் பெயரிடும் யூடெவ் விதிகளுக்குள் 70 என்ற எண்ணில் தொடங்கி 'பெர்சிஸ்டென்ட்-நெட்' என்று பெயரிட்ட கோப்பில், பழைய கார்டுதான் ஈத்0 என்று எழுதியிருக்கிறது. அந்த இடம் நிரம்பிவிட்டதால் புதிய கார்டுக்கு ஈத்1 கிடைத்தது. அந்தக் கோப்பை அகற்றுங்கள். ஐஎஃப்சிஎஃப்ஜி கோப்பில் 'ஹெச்டபிள்யூஅட்ரஸ்' என்று குறிப்பிட்டிருக்கும் பழைய மேக் முகவரியைப் புதியதாக மாற்றி ரீபூட் செய்யுங்கள்.

2013-இல், லினக்ஸைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டியின் 197-ஆம் பதிப்பு வந்ததிலிருந்து, கார்டு எந்த இடத்தில் செருகப்பட்டிருக்கிறது என்பதைக் கொண்டு பெயர் அமைகிறது. மேக் முகவரித் தொல்லை போய், கார்டை வேறு ஸ்லாட்டில் செருகினால் பெயர் மாறும் தொல்லை வந்திருக்கிறது.

பழைய ஐபி முகவரியையே இந்தச் சர்வரும் வைத்துக்கொள்கிறது என்றால் இன்னொன்றும் நேரலாம். கேட்வே ரவுட்டர், அந்த முகவரிக்குப் பழைய கார்டின் மேக் முகவரியை நினைவில் வைத்திருக்கும்; சிஸ்கோ ரவுட்டர்களில் அந்த நினைவின் இயல்பான ஆயுள் 4 மணி நேரம். உள்ளூரில் எல்லாம் நன்றாக இருந்து வெளியுலகம் மட்டும் கிடைக்கவில்லையென்றால், 'ஏஆர்பிங்' கட்டளையால் சர்வரின் புதிய மேக் முகவரியை அறிவிக்கச் செய்யுங்கள், அல்லது ரவுட்டர் பொறுப்பாளரிடம் அந்த ஒரு வரியை அழிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஃப்ரீபிஎஸ்டி சர்வரில் முகவரியை எங்கே மாற்றுவது? (புதுச்சேரி வாசகர்)

பதில்: இந்த வரிசையில் எளிதான கேள்வி உங்களுடையதுதான். எட்சி டைரக்டரியின் ஆர்சி.கான்ஃப் கோப்பில் ஹோஸ்ட்நேம், ஐஎஃப்கான்ஃபிக், டிஃபால்ட்ரவுட்டர் என்ற மூன்று வரிகளையும், ரிசால்வ்.கான்ஃப் கோப்பையும் மாற்றினால் போதும். ஜெயில்கள் (சர்வருக்குள் தனித்து இயங்கும் பகுதிகள்) வைத்திருந்தால் ஒவ்வொரு ஜெயிலின் முகவரியையும், பிஎஃப் ஃபயர்வாலின் விதிகளையும் பாருங்கள். எஸ்எஸ்ஹெச் வழியாக வேலை செய்கிறீர்கள் என்றால் நெட்இஃப், ரவுட்டிங் ஆகிய இரண்டு சேவைகளையும் மறுதொடக்கம் செய்யும் கட்டளைகளை ஒரே வரியில் சேர்த்துக் கொடுங்கள். முதலாவது முடிந்ததும் டிஃபால்ட் ரவுட் போய்விடும் என்பதால், வெளி நெட்வொர்க்கிலிருந்து வருபவருக்கு இரண்டாவதைத் தட்டச்சு செய்ய இணைப்பு இருக்காது.

கேள்வி: எங்கள் வடிவமைப்பு மென்பொருளின் ஃப்ளெக்ஸ்எல்எம் லைசென்ஸ் சர்வரைப் புதிய கட்டடத்துக்கு மாற்றி, பெயரையும் மாற்றினோம். லைசென்ஸ் சேவை ஓடுகிறது என்று சர்வரிலேயே காட்டுகிறது, பயனர்களுக்குக் கிடைக்கவில்லை. புதிய லைசென்ஸ் வாங்க வேண்டுமா? (கோவை வாசகர்)

பதில்: வேண்டாம். லைசென்ஸ் கோப்பின் சர்வர் வரியில் பெயர், ஹோஸ்ட்ஐடி, போர்ட் எண் ஆகியவை இருக்கும். பெயரை நீங்களே திருத்திக்கொள்ளலாம். ஹோஸ்ட்ஐடி மட்டுமே பூட்டப்பட்டது. அது பெரும்பாலும் மேக் முகவரி என்பதால், அதே கார்டு இருக்கும் வரை கவலையில்லை. பயனர்களின் கணினிகளில் பழைய பெயரோ எண்ணோ பதிந்திருக்கிறதா என்று பார்த்துத் திருத்துங்கள்.

அதன் பிறகும் கிடைக்கவில்லையென்றால் புதிய கட்டடத்தின் ஃபயர்வாலைக் கவனியுங்கள். இந்த ஏற்பாட்டில் இரண்டு நிரல்கள் ஓடுகின்றன. முதலாவது, பெரும்பாலும் 27000 முதல் 27009 வரையிலான போர்ட் ஒன்றில் காத்திருந்து, வருபவரை இரண்டாவதான விற்பனையாளர் நிரலிடம் அனுப்பிவைக்கும். அந்த இரண்டாவது நிரல், போர்ட் எண் குறிப்பிடப்படாதவரை, ஒவ்வொரு தொடக்கத்திலும் கிடைத்த போர்ட்டில் உட்காரும். ஃபயர்வாலில் 27000-ஐத் திறந்துவிட்டேன் என்று நெட்வொர்க்காரர் சொல்வது உண்மை. பயனருக்குக் கிடைக்கவில்லை என்பதும் உண்மை. லைசென்ஸ் கோப்பின் வெண்டர் வரியில் ஒரு நிலையான போர்ட் எண்ணை எழுதி, அதையும் சேர்த்துத் திறக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: வரும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வெப் சர்வர் புதிய முகவரிக்கு மாறுகிறது. டிஎன்எஸ்ஸில் எப்போது எண்ணை மாற்றுவது? (ஈரோடு வாசகர்)

பதில்: எண்ணை ஞாயிற்றுக்கிழமை மாற்றுங்கள், ஆனால் இன்றே அந்தப் பதிவின் டிடிஎல் மதிப்பைப் பாருங்கள். 86400 என்று இருந்தால், உலகில் உள்ள டிஎன்எஸ் சர்வர்கள் உங்கள் பழைய எண்ணை ஒரு முழு நாள் நினைவில் வைத்துக்கொள்ள நீங்களே அனுமதித்திருக்கிறீர்கள். அதை 300 ஆகக் குறையுங்கள். குறைத்த செய்தி பரவுவதற்கே பழைய கணக்கின்படி ஒரு நாள் ஆகும் என்பதால் சனிக்கிழமை இரவு குறைத்தால் பயனில்லை, வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிடுங்கள். ஞாயிறன்று மாற்றியபின், முடிந்தால் பழைய முகவரியிலும் ஒரு சிறு சர்வரை ஒரு வாரம் விட்டுவைத்து, அதன் பதிவேட்டை நாள்தோறும் பாருங்கள். டிஎன்எஸ்ஸை மதிக்காமல் எண்ணையே நேரடியாக எழுதி வைத்திருக்கும் வாடிக்கையாளர்கள் அதில் ஒவ்வொருவராக அகப்படுவார்கள். எல்லாம் ஓரிரு நாளில் அடங்கியதும் டிடிஎல்லைப் பழையபடி உயர்த்திவிடலாம்.